கொஞ்சம் கருகியது

அருவியின் உயரம் எண்பது மீட்டர் என்றார் எலிங்கயா.
நேற்று வந்தவர்களுக்கு எழுபது சொன்னாராம்.
"ராத்திரி மழை பெய்ததே" என்று சிரித்தார்.

கிளிமஞ்சாரோவின் ஈரச் சரிவில்
வாழைக்கும் காப்பிக்கும் இடையே
ஒற்றையடிப் பாதை.
செம்மண் என் காலணியைக்
கழற்றிக்கொள்ளப் பார்த்தது.

சாரல் முகத்தில் அறைந்ததும்
எல்லோரும் கத்தினோம்.
அவர் மட்டும் அருவிக்கு முதுகைக் காட்டி
கைபேசியை உயர்த்தி
ஒரே ஒரு கோடு சிக்னல் தேடினார்.
வீட்டில் பசு கன்று ஈனும் நாள்.

இறக்கத்தில் அவர் நடக்கவில்லை, ஓடினார்.
எங்களுக்கு வழிகாட்டியது
அவருடைய ரப்பர் பூட்ஸின் தடம்.

முற்றத்தில் மூன்று கல் அடுப்பு.
ஐகாண்டே கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தாள்.
"படபடவென்று வெடித்தால் இறக்குங்கள்."
அகப்பையை என் கையில் திணித்துவிட்டு
கணவனுக்கு ஒத்தாசையாகத்
தொழுவத்துக்குள் போய்விட்டாள்.

கேட்டது வெடிப்பா
தகரத்தில் மழையா
மாடு காலை உதைத்ததா?

உரலில் நாங்களே இடித்தோம்
முன்பின் தெரியாத நான்கு பேர்
உலக்கையால் ஒருவர் விரலை ஒருவர்
நசுக்கிவிடாமல்.

முழங்கை வரை நனைந்து வந்தார் எலிங்கயா.
"கிடேரி" என்றார்.
கோப்பையை வாங்கி ஒரு மடக்கு குடித்தார்.
முகம் கோணியது.
காலி செய்து
மறுபடி நீட்டினார்.