அனுப்புநர்

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
எங்கள் வகுப்பும் மூடும்.
கூட்ஸ் வண்டி கடந்து முடிகிறவரை
சஃபியா மிஸ் சாக்பீஸும் கையுமாக நிற்பாள்,
விட்ட சொல்லைப் பல்லிடுக்கில் பிடித்துக்கொண்டு.

சங்கத்து ஆபீஸ் மாடி. ஏழு பேர்.
ஐஸ் கம்பெனி பாபுஜான்.
லைசென்ஸுக்காக எட்டாவது எழுதி,
ருசி கண்டு பத்தாவதுக்கு வந்த கன்னியப்பன்.
வீட்டில் சீட்டுப் பணம் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டு வரும் ஒருத்தி,
பேர் வேண்டாம்.
நான் டில்லிராணி, நாற்பத்தொன்று.
காலை ஐந்தரைக்கு உங்கள் தெருவில் விசில் ஊதி
பேட்டரி வண்டியில் குப்பை வாங்குகிறவள்.

பன்னிரண்டு வருஷம்
மஸ்டர் புத்தகத்தில் நான் ஒரு நீலக் கறை.
அந்த மை சோப்புக்குப் போகாது.
கட்டைவிரலை ஒதுக்கியே
சோறு பிசையப் பழகியிருந்தேன்.
இப்போதும் அப்படித்தான் பிசைகிறேன்,
மை இல்லாமல்.

எக்ஸ் வந்த அன்று பாபுஜான் எழுந்துவிட்டான்.
"இன்னா மிஸ், கணக்குல போயி இங்கிலீசு?"
"தெரியாத எண்ணுக்கு நாம வைக்கிற பேரு, அண்ணே."
தெரியாததுக்கும் பேர் வைப்பார்களா.
நோட்டை மூடிவிட்டு
கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் கடிதப் பாடம்.
'உங்கள் தெருவில் குடிநீர் கலங்கலாக வருகிறது.
உரிய அலுவலருக்கு விண்ணப்பம் வரைக.'
கற்பனையாக எழுத வேண்டுமாம்.
எழுதினேன், மூன்று பக்கம்.
விடிகாலை நாலே முக்காலுக்கு பம்பு அடித்தால்
முதல் நாலு குடம் கறுப்பு,
ஐந்தாவது மஞ்சள்,
மண்ணெண்ணெய் வாசம்.
எதிர்வீட்டு ஜெபமணி பிள்ளை
எந்தத் தேதியில் ஸ்டான்லிக்குப் போனான்,
எத்தனை பாட்டில் ஏறியது.
கீழே என் முழுப் பேர்,
கதவு எண், தெரு, இருபத்தொன்றில் முடியும் பின்கோடு.

மிஸ் சிவப்பில் வட்டம் போட்டாள்.
"அக்கா, பரீட்சையில சொந்தப் பேரு, விலாசம்
எதுவும் வரக்கூடாது. மார்க் போயிடும்.
பேருக்கு அ ஆ இ. தெருவுக்கு க ங ச."

அய்ய,
இதுக்கா நாலு வருஷம்
'ல்'லுக்குப் புள்ளி வைக்கக் கற்றேன்?

கேட் மூடியது. நாற்பத்திரண்டு பெட்டி.
எல்லாரும் சிரித்து முடிக்க அது போதவில்லை.

பெரம்பூரில் சென்டர்.
வாசலில் ஒருவர் கையை நீட்டி மறித்தார்:
"பேரண்ட்ஸ் வெளிய நில்லுங்கம்மா."
ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன்.
படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி படத்தை.
பெஞ்சு என் முட்டிக்குச் சின்னது.
பக்கத்தில் மீசை அரும்பிய பையன்,
போன வருஷம் விட்டவன்,
ஸ்கேல் இல்லாமல் வந்திருந்தான். கொடுத்தேன்.

இந்தத் தடவை நூலகம் கேட்டு விண்ணப்பம்.
அடக்கமாகவே எழுதினேன்.
அ ஆ இ ஆகிய எனக்கு
க ங ச தெருவில் நூலகம் வேண்டும், ஐயா.

மத்தியானம் நேராக வீட்டுக்குப் போகவில்லை.
மார்கழிக் கடிதத்தை, வட்டத்தை விட்டுவிட்டு,
நல்ல தாளில் எழுதி மடித்து வைத்திருந்தேன்.
குடிநீர் வாரிய டெப்போவில் ஃபேன் ஓடியது,
ஆள் ஒருத்தர் இருந்தார்.
முதல் பக்கம் படித்தார். இரண்டாவதும் படித்தார்.
"யாரு எழுதிக் குடுத்தது?"
கேட்டுக்கொண்டே, பழக்கதோஷம்,
மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

பேனா கேட்டேன்.

ஒப்புகைச் சீட்டில் நேற்றைய தேதி விழுந்திருந்தது.
திருத்தச் சொன்னேன்.
திருத்தினார்.

தமிழில் அறுபத்து மூன்று.
கணக்கில் இருபத்தெட்டு, ஜூலையில் மறுபடி.
தண்ணீர்
இப்போது நாலாவது குடத்திலேயே மஞ்சளாகிவிடுகிறது.