பார்வைத் தூரம்

காலை ஆறு மணிக்கு
மழைமானியைத் திறந்து
இரவு பெய்ததை மில்லிமீட்டரில் எழுதுவது என் வேலை.
கெல்வின் தோட்டம், மேல்பிரிவு.
பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன்,
யாரும் வாசித்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை
பள்ளிக்கூட மைதானத்தில்
சுண்ணாம்பால் வட்டம் போடச் சொன்னார்கள்.
வட்டத்துக்குள் ஓர் இங்கிலீஷ் எழுத்து,
ஒரே படி வைத்த ஏணி போல.
கிரிக்கெட் ஆடிய பையன்கள்
ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு கானோரம் நின்றார்கள்.

இறங்கியது இளவேனிதான்.
போஸ்டரில் கண்ட அதே முகம்,
காதில் கனத்த ஹெட்போன்,
நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள்.
சொந்த ஹெலி. தானே ஓட்டுகிறாள்.
ரத்மலானையில் இன்னொன்று நிற்கிறதாம்,
இறக்கை வைத்தது.
பெரட்டுக் களத்தில் இதே பேச்சு.
ஒரு மணி நேரத்து எண்ணெய்க்கு
எத்தனை கிலோ கொழுந்து என்று
கணக்கப்பிள்ளை பெருக்கிப் பார்த்து,
விடையைச் சொல்லாமல்
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

சனிக்கிழமை பனி இறங்கியது.
முதலில் பங்களாப் புகைக்கூண்டு போனது,
பிறகு கோவில்,
பிறகு சவுக்கு வரிசையில்
ஏழாவது மரம், ஆறாவது மரம்.
மைதானத்தில் அந்த இயந்திரம்
நனைந்த கோழி மாதிரி
இறக்கை தொங்க நின்றது.

அவள் இறங்கி வந்து
என் பதிவேட்டைக் கேட்டாள்.
நின்றபடியே ஆறு வருடத்தை வாசித்தாள்.
பெயர் கேட்கவில்லை. வெதர் என்றே கூப்பிட்டாள்.
"வெதர், எப்ப திறக்கும்?"
அன்றுதான் துரை முதன்முதலாக
என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

வானம் திறக்காவிட்டால் தரை வேண்டும்.
கார் ஏற வேண்டும்.
அமுதவல்லியைப் பிரசவ வலியோடு
கம்பளியில் தூக்கி இறங்கிய பாதை,
பதினொரு மனுக் கொடுத்த பாதை.
ஞாயிறன்று கல் லொறி வந்தது, பின்னாலேயே ரோலர்.
இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு.
இருட்டும்போது
லயத்துக்குக் கீழே முந்நூறு அடி பாக்கி.

திங்கள் விடியற்காலை நாலு மணிக்கு
மூக்குக்கே தெரிந்துவிட்டது, காற்று மாறியது.
ஏழரைக்குத் திறக்கும், ஒன்பது வரை நிற்கும்.
திறந்தால் அவள் பறப்பாள்.
பறந்தால் ரோலர் திரும்பும்.

"வெதர்?"

"நாள் முழுக்க மூட்டம்" என்றேன்.
அதையே மையால் எழுதினேன்.
பன்னிரண்டு வருடத்தில் ஒரு பொய்.

ஏழரைக்குத் திறந்தது.
மவுஸ்ஸாக்கலைத் தண்ணீர் வரை தெரிந்தது,
தண்ணீரில் ஒரு தோணி கூட.
நான் பங்களாப் பக்கம் திரும்பவில்லை.
கல் நொறுங்கும் சத்தத்தை மட்டும்
கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஒன்பதுக்கு மூடியது.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டாள்.
கண்ணாடியைத் தானே துடைத்தாள்,
ஒவ்வொரு ஆணியாகத் தொட்டு
ஏதோ முணுமுணுத்தாள்.
கதவை மூடும் முன் சொன்னாள்:
"நேத்து நல்லாவே திறந்திச்சு, வெதர்.
எண்பத்தேழு நிமிஷம்.
சன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் ஏன் இருந்தாள் என்று நான் கேட்கவில்லை.
நான் ஏன் சொல்லவில்லை என்று
அவளும் கேட்கவில்லை.

கிளம்பிய காற்றில் சுண்ணாம்பு பறந்து
பையன்கள் எல்லோருக்கும் தலை நரைத்தது.
ரோலர் மத்தியானமே இறங்கிப் போய்விட்டது.
மருந்துச்சாலை வாசலுக்கு இருபது அடி பாக்கி.
அதை நாங்கள் மண்வெட்டியால் போட்டுக்கொள்ளலாம்.

திங்கட்கிழமைப் பக்கத்தைத் திருத்தப் பேனா எடுத்தேன்.
வெளியே ஸ்டம்பு அடிக்கும் சத்தம்.
வட்டத்துக்கு நடுவில்,
அந்த எழுத்தின் குறுக்குப் படிதான் கிரீஸ் என்று
சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.