தேதிக் கட்டம்

திருச்செங்கோட்டுப் போர் வண்டியில்
இருபது வருஷம் ராடு மாட்டினவன் செங்கோடன்.
பாஸ்கா இரவில் அருளப்பன் ஆகவேண்டியவன்.
புதன்கிழமை, பல்லடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில்
எழுநூற்றுப் பத்தடி ஓடிக்கொண்டிருக்கையில்
ராடு நழுவி நெஞ்சில் விழுந்தது.

பதிவேட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறேன்.
"தண்ணி படாத தலைக்கு
நம்ம கல்லறையில எடமில்லீங்க சாமி"
என்கிறார் உபதேசியார் தொபியாஸ்.
கெட்டவரல்ல. ஏழு மாதம்
அவனுக்குச் செபம் சொல்லித்தந்தவர்.
சொல்லும்போதே குரல் உடைகிறது.

"ஆவலும் ஒரு திருமுழுக்குத்தான்"
என்கிறார் பங்குச்சாமி.
"ஆவல்னா எத்தனை சொம்புங்க?"

மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.

வாசலில் நின்ற பாவாயி
உள்ளே வராமலே சொன்னாள்:
"எட்டு நாளா மண்ணெண்ணெயும் சீயக்காயும் போட்டுத்
தலையத் தேச்சுட்டிருந்தாருங்க.
சாமி கை வெக்கறப்போ
கிரீஸ் ஒட்டக்கூடாதுன்னு."

பெயரை எழுதிவிட்டேன்: அருளப்பன்.
தேதிக் கட்டத்தில் பேனா நிற்கிறது.
புதனா, சனியா,
முதல் தடவை தலை தேய்த்தானே,
அந்த நாளா?

அந்தக் குழியில் அப்புறம் தண்ணீர் வந்ததா என்று
எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.