ஜனவரி ஒன்று, இரண்டாயிரம்

டர்பன் துறைமுகத்தின் குளிர்கிடங்கில்
மூன்றாம் அறைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு
ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் புத்தாண்டு.
கரண்ட் திரும்பிய கணம் அது கண்விழிக்கும்:
ஜனவரி ஒன்று, இரண்டாயிரம், நள்ளிரவு.
ஒரு மணிக்குப் பனி உருக்கு என்பது
எப்போதோ யாரோ அதற்கு இட்ட கட்டளை.
ஏற்கெனவே வெக்கை ஏறிய அறையில்
மீன் பெட்டிகளுக்கு மேலே
ஹீட்டரைப் போட்டுவிடும், கடமை தவறாமல்.

"பதினோரு வருஷம் ஒரு குறையும் இல்லையே,
இப்போது எதற்கு மாற்ற?" என்றார் தயாளன் படையாச்சி
விலைத்தாளைத் திருப்பிப் பார்த்தபடி,
பின்பக்கம் மலிவாக இருக்கும் என்பதுபோல்.
பலகையைக் கழற்றினேன்.
பேட்டரி உப்பி, கசிந்து, பச்சை பூத்திருந்தது.
செத்து எத்தனை வருஷமோ.
இத்தனை நாள் எப்படி ஓடியது?

ஃபர்ம்வேர் ஏறும்போது மின்சாரம் போனால்
பெட்டி வெறும் தகரம்.
வேனின் பேட்டரியைக் கழற்றி வந்து
முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.
புதியது ஏறினால் பழைய பதிவேடு அழியும்.
இறக்கி வைத்தேன், சும்மா படித்தேன்.
ஜனவரி ஒன்று, 00:03, கையால் நேரம் திருத்தம்.
ஜனவரி ஒன்று, 00:04, கையால் நேரம் திருத்தம்.
ஜனவரி ஒன்று, 00:03.
உருட்ட உருட்ட முடியவில்லை.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் புத்தாண்டுகள்,
எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் விரல்.

ஒரே ஒரு வரி மட்டும்: 01:52.

"டாக்சி வேலைநிறுத்தம் அன்றைக்கு" என்றார்
பின்னால் நின்றிருந்த என்கோசிகோனா.
இராக்காவல் அவர். கருவியைத் தொடுவது அவர் வேலையில்லை.
"உம்லாசியிலிருந்து நடந்தே வந்தேன்.
இரண்டு பேலட் போச்சு. எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள்,
தாமதமாக வந்ததற்கு."
மீனுக்காக இல்லையா?
"மீன் எதனால் கெட்டதென்று யாரும் கேட்கவில்லை."

எழுபது சதவீதம். எழுபத்தொன்று.
அங்கேயே நின்றது, நான் இரண்டு முறை எச்சில் விழுங்கும்வரை.
பிறகு நூறு.

எட்டு மணிக்கு அட்டவணை சொன்னபடியே இருட்டு.
கம்ப்ரெஸர்கள் ஒவ்வொன்றாய் மூச்சை விட்டன.
புதுப் பலகையின் பச்சைப் புள்ளி மட்டும் அணையவில்லை.
பத்தரைக்கு வெளிச்சம் வந்தபோது
திரையில் இன்றைய தேதி,
சரியான நிமிடம், சரியான நொடி.

ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தார்.
தெரிந்தும்
அவர் கை தூக்கிய விரலோடு
விசைக்கு அரை அங்குலம் முன்னால்
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.