டீசல் கொப்பி

சீமெந்து வாங்குகிற கொழும்புக் கம்பனி
ஒரு படிவம் அனுப்பியிருந்தது.
எங்கள் பதினொரு லொறியும்
எவ்வளவு புகை கக்குகின்றன என்று எழுதித் தரட்டாம்.
இல்லாவிட்டால் வருகிற வருடம் ஒப்பந்தம் இல்லை.
"புகையை எந்தத் தராசில நிறுக்கிறது, சுகிர்தா?"
முதலாளி சிரித்தார்.
நான் டீசல் கொப்பியை எடுத்து வைத்தேன்.

முதலில் காற்று.
கிழமைக்கொருக்கா ஒவ்வொரு ரயரும் பார்க்கவேணும்.
பிறகு வேகம். கந்தளாய் தாண்டினாலும் அறுபதுதான்.
யானைக்கு மட்டும் பிரேக் பிடித்தவர்கள்
ஒரு துண்டுத் தாளுக்கும் பிடிக்கப் பழகினார்கள்.
தம்புள்ளையிலிருந்து வெறும் வண்டியாய் வராதே,
அடுத்தவன்ர வெங்காயமெண்டாலும் ஏற்று.
பதினெட்டு வருடமாய்
எதிர்க்கடைக்காரனோடு முகம் பாராத முதலாளி
வெங்காயத்துக்காகப் போன் எடுத்தார்.

சீமெந்தாலை வாசலில் வரிசை.
எஞ்சினை நிற்பாட்டி வைக்கச் சொல்லியிருக்கிறது.
சீனக்குடா வெயிலில், கபினுக்குள்
கிண்ணியா ஹில்மி அவிகிறான்.
"புகை குறைஞ்சிட்டுது தங்கச்சி,
வேர்வைக்குப் படிவம் ஒண்டும் வரேல்லையோ?"

மூன்றாம் மாதம் கூட்டிப் பார்த்தேன்.
தம்புள்ளை போய்வர
நடைக்குப் பதினாலு லீற்றர் மிச்சம்.
சந்தோசம்தான்.
ஆனால் காற்றும் வேகமும் வரிசையும் சேர்ந்தாலும்
ஒன்பதைத் தாண்டாது.
திரும்பவும் கூட்டினேன். ஒன்பது.

பரநிருபசிங்கத்தார் மேசையில் கையூன்றி நின்றார்.
"மற்ற அஞ்சும் லொறியில எரியிறேல்ல, பிள்ளை.
கப்பல்துறைத் திருப்பத்தில ரியூப் போட்டு இறக்கிறது.
ஒரு வள்ளக்காரன் வாங்குவான்.
மகளின்ர கணக்கு ரியூசன் அதிலதான் போனது."
டாங்கி மூடிக்கு நான் வாங்கிக் கொடுத்த
புதுப் பூட்டைப் பற்றி
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வள்ளக்காரன் இப்போது வேறெங்கோ வாங்குவான்.
கடலில் அதே புகை.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை,
ரியூசனுக்கும் இல்லை.
பதினாலு என்றே எழுதினேன்.
கொழும்பிலிருந்து பச்சை இலை போட்ட ஒரு பலகை வந்தது,
முதலாளி ஆணி தேடினார்.

ஆணி கிடைக்குமுன்
இன்னொரு தாளை நீட்டினேன்.
மிச்சமாகிற லீற்றரில் பாதிக் காசு
ஓடுகிறவருக்கு.
இரண்டு தரம் வாசித்தார்.
"பார்ப்பம்" என்றார்.

விடிய நாலரைக்கு நான் கேற்றைத் திறக்கையில்
பரநிருபசிங்கத்தார் குந்தியிருந்து
காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்,
போன் வெளிச்சத்தில், ஒவ்வொரு ரயராய்,
பத்தும் முடிந்து
ஸ்பெயாருக்கும்.