ஏழாவது பிட் லைன்

ஜம்முவை எனக்கு அக்ரூட் ஓட்டில் தெரியும்.
மெத்தை இடுக்கில் விரலை விட்டால்
நகத்துக்கடியில் ஏறிக்கொள்ளும்.
ஹவுரா வண்டி என்றால் உடைந்த மண் கோப்பை,
கடுகெண்ணெய் வாடையோடு நமுத்த பொரி.
அகமதாபாத் வண்டியில் வேர்க்கடலைத் தோல்.
ஃபேனைப் போட்டால் பெட்டி முழுக்கப் பறக்கும்.
சார்மினார் எக்ஸ்பிரஸில் வளையல் துண்டு.
அந்த நாலு தூணுக்குப் பக்கத்துத் தெருவே
வளையல் தெருவாம், வாங்கி வருகிறார்கள்,
பாதி வழியிலேயே உடைந்துவிடுகிறது.
ஒரு சில்லு கையுறையைக் கிழித்து உள்ளே போனது.
ஹைதராபாத் இன்னும் கொஞ்சம்
என் கட்டைவிரலில் இருக்கிறது,
மழைக்காலத்தில் கடுக்கும்.

பேசின் பிரிட்ஜ் யார்டு.
இருபத்துமூன்று பெட்டி, ஆறு மணி நேரம்,
எட்டுப் பேர்.
தனசேகரின் நோட்டில் பன்னிரண்டு பேர்.

பூரி மணல் பெர்த்துக்கு அடியில் கிடக்கும்,
நம் கடல் மணலைவிட நைசு.
ஜனவரியில் டெல்லி வண்டிக் கைப்பிடியைத் தொட்டால்
சில்லென்றிருக்கும்.
ரெண்டு ராத்திரி ஓடி வந்த இரும்பில் ஏது குளிர் என்று
ரோசலின் சிரிப்பாள்.
நான் தொட்டேன், அவள் தொடவில்லை.

ரோசலின் வீடு காசிமேடு.
"காசிக்கும் உங்க ஏரியாவுக்கும் ஒரு மேடுதான்டி வித்தியாசம்"
என்று ஏற்றிவிடுவேன்.
ஒருநாள் எஸ் நாலில்
யாரோ மறந்த செப்புச் சொம்பு, ஈயம் பெயர்ந்து,
கங்கை தரையெல்லாம் ஓடிக் கிடந்தது.
"இன்னாடி செய்றது, மிதிக்கலாமா?" என்றாள்.
மாப்பில் ஒற்றி வாளியில் பிழிந்தோம்.
வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தோம்.
சாக்கடை பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது.
மறுநாள் போய்ப் பார்த்தேன்.
கால்வாய் எப்போதும்போல் கறுப்பாகவே இருந்தது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.
பி ரெண்டில் கழுவி முடித்து
ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தேன்.
கண் திறந்தபோது
வியாசர்பாடிப் பக்கத்து விளக்கெல்லாம் இல்லை,
பிளாட்பாரம், கூலிக்காரர் சத்தம், சென்ட்ரல்.
காலி வண்டியை என்னோடு சேர்த்து
இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள்.
கையில் துடைப்பம்.
வாசலை அடைத்துக்கொண்டு ஒரு குடும்பம்:
சூட்கேஸ், புளிசாதத் தூக்கு,
கழுத்தில் பைனாகுலர் மாட்டிய ஏழு வயசுப் பையன்.

"சைடு லோயர் எதுங்க?"
காட்டினேன்.
"ஆக்ரா எப்ப வரும்?"
"நாளன்னிக்கி விடியறதுக்கு முன்னாடி. தூங்கிடாதீங்க."
அந்த அம்மா என் துடைப்பத்தைப் பார்க்கவில்லை,
யூனிஃபாரத்தைப் பார்த்தார்.
"ட்ரெயின்லேர்ந்தே தாஜ்மகால் தெரியுமாமே?"
பையன் கேட்டான்: "எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்" என்றேன்.

ஏன் இடது என்றேன், தெரியாது.
நான் பார்த்த தாஜ்மகால் எல்லாம்
பேட்டா டப்பா மூடி மேல் இருந்தது,
பாகு ஒட்டி, எறும்பு மொய்த்து.
அவன் உடனே இடது ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டான்.
அங்கே அப்போது தெரிந்தது
டீக்கடையும் பக்கத்து லைனில் ஒரு சரக்கு வண்டியும்தான்.

இறங்கி யார்டுக்குத் தண்டவாளத்தை ஒட்டியே நடந்தேன்.
தனசேகர் அரைநாள் சம்பளம் வெட்டினார்.
அஞ்சு நாளும் அதே யோசனை:
வலது பக்கமாக இருந்தால்?
விடிவதற்கு முன் எந்தப் பக்கந்தான் தெரியும்?
இருட்டில் போகிற ஊரை
எந்த மூஞ்சியோடு காட்டினேன்?

அதே பெட்டிகள் திரும்பி வந்தபோது
பி ரெண்டை நானே கேட்டு வாங்கினேன்.
சைடு லோயர் கண்ணாடியில்
சின்ன மூக்குத் தடம், மூச்சு வட்டம், அஞ்சு விரல்.
எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போனேன்.
அங்கேயும் அதே மூக்கு.

அது அவன் மூக்குதானா,
திரும்பி வருகையில் ஏறிய வேறு பிள்ளையா.
ரோசலினைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"மூக்குல பேரா எழுதியிருக்கு? துடைடி,
தனசேகர் வர்றான்."

துடைத்தேன்.
இடதைக் கொஞ்சம் மெதுவாக.