முறைவீடு

இந்த வாரம் முறை ஜெனோவா வீட்டுக்கு.
போன வாரம் பல்கீஸ் வீடு.
அடுத்தது என்னுடையது,
கூரைக்குத் தகரம் வந்து சேர்ந்தால்.

ஏழு வீடு, ஒரு நோட்டு.
ஆளுக்கு எழுநூறு, அதில் நூறு சங்கத்துக்கு.
கணக்கு என் கையில்.
எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து,
ஆனாலும் கூட்டல் தப்பாது.

வந்தவர்கள் மூன்று பேர்.
மூக்கையூரில் பஸ்ஸை விட்டு இறங்கி
கடலோரமாகவே கிழக்கே நடந்தார்கள்,
பூட்ஸ்களைக் கயிறு முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு.
முன்னால் தொபியாஸ்,
அவன் கழுத்தில் 'வழிகாட்டி' என்ற அட்டை.

அவன் காட்டிய வழி:
உடைமரக்காடு, உப்பளத்து வரப்பு,
செத்து ஒதுங்கிய கடற்பசுவைப் புதைத்த மேடு,
பாசி காயப்போட்ட மணல்.
காட்டாத வழியும் ஒன்று உண்டு,
இறால் பண்ணைக்குப் பின்னால், வாய்க்கால் கறுத்துக் கிடக்கும் இடம்.
கூடித்தான் முடிவெடுத்தோம்:
கேட்டால் சொல்வது,
கூட்டிப் போவதில்லை.

ஒருவர் மீன் தொடமாட்டார் என்று
குழம்பு கொதித்த பிறகுதான் தெரிந்தது.
ஜெனோவா பக்கத்து வேலிக்குள் கைவிட்டு
முருங்கைக்கீரை ஒடித்தாள்.
அதற்கு நோட்டில் கணக்கில்லை.

தண்ணீருக்கும் இல்லை.

வைகாசியில் எங்கள் ஊற்று
சிரட்டை சிரட்டையாகத்தான் கொடுக்கும்.
குடம் நிறைய அரை மணி நேரம்.
முட்டிபோட்டு, மூச்சடக்கி,
அடி கலங்காமல் மேலாக அள்ள வேண்டும்.
விடியுமுன் நாலு குடம் சுமந்து வைத்திருந்தாள்.
அந்த உயரப் பையன்
ஒரே குளியலில் மூன்றைக் கவிழ்த்தான்.
சோப்பு நுரை கொல்லை வேலி தாண்டிப் போனது.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை.
அவன் ஊரில் தண்ணீர் சுவரிலிருந்து வருகிறது.

சங்கத்தில் பேசினோம்.
விலை போடுவோம் என்றாள் பூரணவல்லி.
விக்கி நிற்கிறவனிடமும் காசா என்றாள் பல்கீஸ்.
குடிக்கிறதுக்கு வேண்டாம், குளிக்கிறதுக்குப் போடலாம்
என்றேன் நான்.
ரெண்டும் ஒரே ஊத்துதானே என்று
யாரோ பின்னாலிருந்து சொல்ல
பேச்சு அத்தோடு நின்றது.

ராத்திரி கரண்ட் போனது.
ஜெனோவா பதறிப் போய் டார்ச் தேட,
முற்றத்தில் மல்லாந்து கிடந்த பெண்
'வேண்டாம் அக்கா, லைட் போடாதீங்க' என்றாளாம்.
இத்தனை நட்சத்திரம் பார்த்ததே இல்லையாம்.
தெருவிளக்கு கேட்டு நாங்கள் மனுக் கொடுத்து
நாலு கலெக்டர் மாறிவிட்டார்கள்.
மனுவின் நகல்
இதே நோட்டுக்குள்தான் மடித்துக் கிடக்கிறது.

மறுநாள் கருக்கலில்
உயரப் பையன் குடத்தோடு ஊற்றுக்கு வந்தான்.
யாரும் கூப்பிடவில்லை.
சிரட்டையை வாங்கிக் குனிந்தான்.
நல்ல மனசு, அவசரக் கை.
நாலாவது அள்ளலில் அடியைச் சுரண்டிவிட்டான்.
ஊற்று சேறாகிப் போனது.
ஒன்பது பெண்கள், ஒன்பது குடம்,
தெளியும்வரை உட்கார்ந்திருந்தோம்.
அவனும் உட்கார்ந்தான்,
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்.
மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற காற்றுக்கு
என்ன பேர் என்று கேட்டான்.
கச்சான் என்றாள் ஒருத்தி.
எப்ப நிக்கும் என்றான்.
அதைக் கேட்டுச் சொல்லத்தான் ஆளில்லை என்றாள் இன்னொருத்தி.
சிரித்தோம். அவன் கொஞ்சம் பிந்திச் சிரித்தான்.

போகிறபோது நோட்டில்
ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினார்கள்,
கடல், அன்பு, நண்டு என்றெல்லாம்.
அவன் கையெழுத்து மட்டும் போட்டான்.

அவர்களை ஏற்றிய பஸ் தூசி அடங்கிய பிறகு
அடிக்குச்சி வைத்துப் புதுக்கோடு ஒன்று கிழித்தேன்.
அவன் பெயருக்கு நேரே எழுதினேன்:
செலவு மூன்று குடம்.
வரவு அரைக்குடம், கலங்கல்.

தகரம் இன்னும் வரவில்லை.